ரீல் இல்லாத கம்பும் ஒரு கதிரையும்

தூண்டில் கம்பு விக்கிறவளுக்கு மீனைப் பத்தித் தெரியணும்னு கட்டாயமில்ல, மீன் பிடிக்கப் போற ஆம்பளைங்களைப் பத்தித் தெரிஞ்சாப் போதும். கண்டி டவுன்ல ஒரு குறுக்குத் தெருவுல, இரும்புச் சாமான் கடையோட பின் மூலையில உக்காந்து நான் இந்தத் தொழிலைச் செய்யிறேன். உக்காந்துன்னு சொன்னதைக் கவனிச்சீங்களா? கடைகள்ல சேல்ஸுக்கு நிக்கிற அக்கா தங்கச்சிமார் கட்டாயம் கவனிச்சிருப்பீங்க. இதெல்லாம் உங்களுக்குத்தான் சொல்றேன்.

கதிரை

இதுக்கு முன்னால நான் ஒரு பெரிய புடவைக் கடையில நின்னேன். வேலை செஞ்சேன்னு சொல்ல மாட்டேன், நின்னேன். கடை திறந்ததுலருந்து சாத்துற வரைக்கும் நிக்கணும். ஆள் வந்தாலும் நிக்கணும், ஈ ஓட்டினாலும் நிக்கணும். கொஞ்சம் அலுமாரியில சாஞ்சா மேனேஜர் தூரத்துலருந்து இருமுவாரு. சாயங்காலம் ஹந்தானை மேட்டுல ஏறி வீட்டுக்குப் போறப்ப காலு ரெண்டும் யாரோ இரவல் குடுத்தது மாதிரி இருக்கும். உங்களுக்கு நான் விளக்கவா வேணும்?

அப்புறம்தான் இந்தக் கடைக்கு வந்தேன். முதலாளி அலவத்துகொடக்காரர், ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவர். மீன் பிடிக்கிற சாமான் மூலையை என் பொறுப்புல விட்டாரு. அங்க ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்துச்சு. கம்பு பாக்க வர்றவங்க உக்காரட்டும்னு போட்டது. ஆனா கம்பு பாக்க வர்ற ஆம்பளை எவனும் உக்கார மாட்டான். கம்பை நீட்டி, ஆட்டி, ஒரு கண்ணை மூடி, கடைக்கு நடுவுல மகாவலி ஓடுற மாதிரி நிப்பான். ஆகக்கூடி கதிரை என்னோடதாச்சு. முதுகுப் பக்கம் ஒரு கீறல் இருக்கு, சட்டையைப் பிடிச்சு இழுக்கும். அதெல்லாம் ஒரு குறையா? காசு வாங்குற மேசையில இருக்கிற ரிஸ்வானா ஒரு நாள் எல்லாருக்கும் கேக்கச் சொன்னா:

"சாந்தி அக்காக்குச் சம்பளத்தக் கொறச்சாலும் பேச மாட்டாங்க, அந்தக் கதிரைய நகத்தினா அழுதிடுவாங்க."

பெட்டி

அவ சொன்ன வாய் முகூர்த்தமோ என்னமோ, அடுத்த மாசமே கொழும்புலருந்து ஒரு பெட்டி வந்துச்சு. முதலாளி போன்ல படத்தைப் பாத்துட்டு ஓர்டர் பண்ணினது. குட்டைத் தூண்டில் கம்பு, ஃபைபர் கிளாஸ், விலை மலிவு. விரிச்சா எட்டடி, மடக்கினா என் கைப்பைக்குள்ள போயிடும். முதலாளி ஒண்ணை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ரீல் இல்ல. ரீல் மாட்ட இடமும் இல்ல. நூல் ஓடுற வளையமும் இல்ல. நுனியில மட்டும் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்குது. மனுஷன் பெட்டியைக் கவுத்துத் தட்டினாரு, ரீல் அடியில ஒட்டிக்கிட்டு இருக்குமோன்னு. பெட்டிமேல 'டென்காரா'ன்னு எழுதியிருந்துச்சு. ஜப்பான்ல மலை ஓடையில மீன் பிடிக்கிறவங்க கம்பாம், அதுக்கு ரீலே கிடையாதாம். ரிஸ்வானா போன்ல தேடிப் பாத்துச் சொன்னா.

முதலாளியோட மருமகன் அந்த நேரம் பாத்துக் கடையில இருந்தாரு. அவருக்கு ரொம்ப நாளா என் மூலை மேல கண்ணு. போன் கவரும் சார்ஜரும் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்னு மாமனாருக்கு ஓதிக்கிட்டே இருந்தவரு. பெட்டியைப் பாத்துச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதான் முதலாளிக்குச் சுட்டுடுச்சு. நோன்பு வர்றதுக்கு முந்தி இந்தப் பெட்டி காலியாகணும், இல்லாட்டி மூலை மருமகனுக்கு, நான் அவங்களோட அக்குறணை உடுப்புக் கடைக்குப் போகணும்னு முடிவு சொல்லிட்டாரு. அக்குறணைக்கு ரெண்டு பஸ் மாறணும், அது கூடப் பரவாயில்ல. "அங்க கதிரை இருக்கா முதலாளி?"ன்னு கேட்டேன். அவரு என்னை விசித்திரமாப் பாத்தாரு.

"உடுப்புக் கடையில கதிரை என்னத்துக்குப் புள்ள?"

மிச்சப் பாதி

அன்னையிலருந்து வர்றவங்க போறவங்க எல்லார் கையிலயும் அந்தக் கம்பைக் குடுத்துப் பாத்தேன். எல்லாரும் ஒரே கேள்விதான், ரீல் எங்க? ஒருத்தர் புள்ளைங்க விளையாட்டுச் சாமான்னு நினைச்சு, இதுக்கு பெட்டரி உண்டான்னு கேட்டாரு. இன்னொருத்தர் கூரையில ஒட்டடை அடிக்கத் தோதா இருக்கும்னு ரொம்ப அக்கறையா யோசனை சொன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அவர் தலையிலயே அடிச்சிருப்பேன், ஃபைபர் கிளாஸ் உடையாது.

பேங்க்ல வேலை செய்யிற யாழ்ப்பாணத்து சேர் ஒருத்தர் நம்ம பழைய வாடிக்கை. கட்டுகஸ்தோட்டையில ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு, சனிக்கிழமையானா மீன் பிடிக்கக் கிளம்பிடுவாரு. அவராவது வாங்குவாருன்னு மலை மாதிரி நம்பினேன். அடியிலருந்து நுனி வரைக்கும் தடவிப் பாத்துட்டு, ரொம்ப மரியாதையா என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு.

"அரைக் கம்பைத் தந்துபோட்டு மிச்சப் பாதியை எப்ப தருவியள், தங்கச்சி?"

உண்ணிப்பழம்

விக்கிற சாமானை நாமளே நம்பாட்டி எவன் நம்புவான்? ஞாயித்துக்கிழமை ஒரு கம்பை வீட்டுக்குக் கொண்டு போனேன். எங்க வீட்டுக்காரர் செல்வம் த்ரீவீலர் ஓட்டுறவரு, மீன்னா உசுரு. வீட்டுக்குக் கீழ ஒரு ஓடை போகுது. ஓடைன்னு பேர்தான், பாதி இடத்துல தண்ணியே கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி, மேல மூங்கில் கவிஞ்சு கிடக்கும். அவரு தன்னோட நீட்டுக் கம்பையும் ரீலையும் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஒரு வீச்சு வீசினாரு, மூங்கில்ல மாட்டுச்சு. ஏறி எடுத்தாரு. இன்னொரு வீச்சு, பின்னால உண்ணிச்செடியில மாட்டுச்சு. அன்னைக்கு அவரு தண்ணிய விட மரத்துலதான் அதிக நேரம் இருந்தாரு.

நான் பெட்டியில போட்டிருந்த படத்தைப் பாத்து, நுனியில இருந்த சிவப்பு நூல்ல தங்கூஸை, அதான் முள்ளுக் கட்டின நைலோன் நரம்பை, முடிஞ்சேன். குந்தி உக்காந்து, முள்ளை ரெண்டு விரலால பிடிச்சு, கம்பு வளையிற வரைக்கும் பின்னால இழுத்து விட்டேன். அம்பு விடுற மாதிரிதான், வீசவே தேவையில்ல. செடிக்கு அடியில இருந்த குழிக்குள்ள நேராப் போய் விழுந்துச்சு. ரெண்டாவது தடவையே ஒரு சின்னக் கெண்டை. கம்பு நல்லா வளைஞ்சு குடுத்ததுல அது கையில வந்து சேந்தது. அப்பத்தான் எனக்கு மூளையில உறைச்சுச்சு. இது குளத்துக்கும் ஆத்துக்கும் உள்ள கம்பே இல்ல, கையை வீச இடமில்லாத இடத்துக்குன்னே செஞ்சது. கண்டியைச் சுத்தி கையை வீச இடமிருக்கிற ஓடை எங்க இருக்கு? செல்வம் கீறின கையோட எறங்கி வந்து என் மீனைப் பாத்தாரு, தன்னோட முள்ளைப் பாத்தாரு.

"உன் கம்புல மீனு, என் கம்புல உண்ணிப்பழம்."

சிவப்பு நூல்

அதுக்கப்புறம் விக்கிற விதத்தை மாத்திட்டேன். கம்பைக் காட்ட மாட்டேன், முதல்ல கேப்பேன்: "நீங்க போற ஓடையில கை வீச இடமிருக்கா?" இல்லைன்னு சொன்னவுடனே கம்பை நீட்டுவேன். வித்துச்சு. அலவத்துகொட முஸ்லிம் நானா ஒருத்தர் வாங்கினாரு, கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அண்ணே ஒருத்தர் வாங்கினாரு. நிம்மதியா கதிரையில சாஞ்சேன். ஒரு வாரம் போகல, ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல கம்பைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. தங்கூஸ் கம்புல நிக்குதில்லையாம், வழுக்கிக்கிட்டுப் போகுதாம். பாத்தா, ரெண்டு கம்புலயும் அந்தச் சிவப்பு நூலைக் காணோம்.

நானாகிட்ட கேட்டேன், நூல் எங்கன்னு. அவரு நெளிஞ்சாரு. என் கையில கோயில்ல கட்டின சிவப்புக் கயிறு கிடக்கு, அதைப் பாத்திருக்காரு. கம்புலயும் அதே சிவப்பு. விக்கிற புள்ள நல்ல மனசோட நேந்து கட்டி விட்டிருக்கு, ஆனா எங்களுக்கு அது கூடாதேன்னு, வீட்டுக்குப் போனதும் அடியோட நறுக்கிட்டாரு. என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாம இருந்திருக்காரு, பாவம். தங்கூஸ் கட்டுறதே அந்த நூல்லதான் நானான்னு நான் சொன்னதும் தலையில கை வெச்சாரு. மருமகன் அங்கிட்டு நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காரு. ரெண்டு கம்பும் திரும்பி வந்துட்டா என் கதை முடிஞ்சுது.

தோட்டத்து அண்ணன் பக்கம் திரும்பினேன். அவரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாரு. "உங்க நூல் எங்கண்ணே?" மெதுவா வலது கையை முன்னால கொண்டு வந்தாரு. மணிக்கட்டுல, அழகா, மூணு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கு. சாமி நூல்ல போயி தூண்டில் முள்ளைக் கட்டலாமான்னு, பக்தியா கழட்டிக் கையில கட்டிக்கிட்டாராம். நானா அவரைப் பாத்தாரு, அவரு நானாவைப் பாத்தாரு. ஒருத்தர் நறுக்கினாரு, ஒருத்தர் கட்டிக்கிட்டாரு, ரெண்டு பேரும் என்னைத்தான் காரணம் சொல்றாங்க. கடையில திரைச்சீலைக்கு விக்கிற மெல்லிசுப் பின்னல் நூல் இருந்துச்சு, அதை வெட்டி நுனியில சொருகி, சுப்பர் குளூ போட்டு இறுக்கிக் குடுத்தேன். வேணும்னே பச்சைக் கலர் எடுத்தேன். நானா முகம் தெளிஞ்சுது. தோட்டத்து அண்ணன்தான் தன் மணிக்கட்டைப் பாத்துக்கிட்டே நின்னாரு.

"அப்ப இது வெறும் நூலா தங்கச்சி? வாங்கின நாள்லருந்து இதுக்காக நான் கவுச்சி தொடல."

பஸ்ஸில வந்த கம்பு

யாழ்ப்பாணத்து சேர் கடைசியில மனசு மாறி ஒரு கம்பு வாங்கினாரு. நீட்டுறப்ப மெதுவா இழுங்க, மடக்குறப்ப அடிப் பக்கத்துத் தடிச்ச துண்டுலருந்து ஒவ்வொண்ணா உள்ள தள்ளுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஓம் ஓம்னு தலையாட்டினாரு. சனிக்கிழமை மத்தியானம் ஒரே சிரிப்புச் சத்தம், எட்டிப் பாத்தா, எட்டடிக் கம்பை ஈட்டி மாதிரி தூக்கிக்கிட்டு சேர் தெருவுல வர்றாரு. அலவத்துகொட ஓடையில மீன் பிடிச்ச சந்தோசத்துல, விரிச்ச கம்பு சுருங்காம இறுகிக்கிச்சு. மனுஷன் மாத்தளைப் பஸ்ஸில அதை அப்பிடியே ஏத்திக் கொண்டு வந்திருக்காரு. நுனி ஜன்னலுக்கு வெளிய, அடி டிரைவருக்குப் பின்னால. அக்குறணை டவுன்ல பஸ் நெரிசல்ல நின்னுருக்கு, கடைக்காரங்க எல்லாம் வாசலுக்கு வந்து பாத்திருக்காங்க.

அடி மூடியைக் கழட்டி, கம்பை நேரா நிறுத்தி, தரையில ஒரு ரப்பர் துண்டைப் போட்டு மெதுவாத் தட்டினேன். தடிச்ச துண்டு முதல்ல இளகுச்சு, மத்ததெல்லாம் சமத்தா உள்ள போயிடுச்சு. சேர் கோவமா இருப்பாரு, திருப்பிக் குடுப்பாருன்னு பயந்துக்கிட்டே நிமிந்தேன். ஆளு முகத்துல கோவமே இல்ல. பையிலருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து, உள்ள இருந்த ரெண்டு மீனைக் காட்டினாரு. பஸ்ஸில வந்த சனம் பூரா இது எங்க வாங்கினதுன்னு கேட்டுச்சாம், நம்ம கடையைச் சொல்லி வெச்சிருக்காரு. அவரு சும்மா சொல்லல, திங்கக்கிழமையிலருந்து அக்குறணைக்காரங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. பெட்டி வேகமா இறங்குச்சு. போறப்ப சேர் சொன்னது இன்னும் காதுல இருக்கு:

"சனம் எனக்கு இடம் தரேல்லை தங்கச்சி, கம்புக்கு ஒரு ஆள் எழும்பி இடம் குடுத்தவர்."

கடைசி ஒண்ணு

இவ்வளவு பாடுபட்டும் என்ன? நாளைக்கு நோன்புன்னு பிறை பாக்குற அன்னைக்குப் பெட்டியில ஒரு கம்பு மிச்சம். நான் வீட்டுக்குக் கொண்டு போய் உண்ணிச்செடியில கீறல் விழுந்த அதே கம்புதான். கீறல் விழுந்ததை எவனும் வாங்கல. மருமகன் அளக்குற டேப்போட வந்து மூலையை நீட்டு அகலம் எல்லாம் அளந்தாரு. அளந்து களைச்சுப் போய் என் கதிரையில உக்காந்தாரு பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரிஸ்வானா வாய் முகூர்த்தம் ரெண்டாவது தடவையும் பலிச்சுது.

முதலாளி பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு. ஒண்டு மிச்சம் ஈக்குதே புள்ளன்னாரு. வாக்குன்னா வாக்கு, அதுல மனுஷன் இம்மியும் அசைய மாட்டாரு. அந்தக் கம்பை எடுத்து, தூசி தட்டி, தன்னோட தொப்பி, குடைக்குப் பக்கத்துல வெச்சாரு, வீட்டுக்குக் கொண்டு போக. எனக்குச் சட்டுன்னு பொறி தட்டுச்சு. நீங்களே வாங்கிட்டீங்கன்னா பெட்டி காலிதானே முதலாளின்னு கேட்டேன். அவரு மருமகனைப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு.

"நான் வாங்கல்ல புள்ள, எடுத்துக்கிட்டுப் போறன்."

உடுப்புக் கடை

நான் போய்ச் சேந்த அக்குறணைக் கடையில நோன்பு காலத்துக் கூட்டத்தைப் பத்திச் சொல்லவா வேணும்? பெருநாள் உடுப்பு எடுக்கிற சனம் காலையிலயே வந்துடும். ஒரு துணியை மடிச்சு வெக்க ஒம்பது துணி கலையும். என்னோட நின்ன புள்ளைங்க எல்லாம் நோன்பு பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க, நான் தண்ணி குடிச்சிட்டு வந்து நிக்கிறேன், எனக்கே காலு வீங்கிருச்சு. அதுங்க நிலைமையை நினைச்சா எனக்கு வாய் திறக்க வெக்கமா இருந்துச்சு. வீட்டுக்குப் போய் சுடுதண்ணியில காலை வெச்சுக்கிட்டு செல்வத்தோட காரணமில்லாம சண்டை பிடிச்சேன்.

ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும், முதலாளி கடைக்குள்ள வந்தாரு. அடையாளமே தெரியல. சாரம் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு, தொப்பியில ஒரு உண்ணி இலை ஒட்டிக்கிட்டு இருக்கு, கையில அந்தக் கீறல் விழுந்த கம்பு. நோன்பு திறக்கிற வரைக்கும் பொழுது போகாம, வீட்டுக்குப் பின்னால ஓடையில சும்மா கம்பைப் போட்டுப் பாத்திருக்காரு. இப்ப மனுஷன் தினமும் அங்கதான். பிடிக்கிறதை எல்லாம் தண்ணியிலயே விட்டுடுறாராம், அஸருக்கும் நோன்பு திறக்கிற மஃரிபுக்கும் நடுவுல நேரம் போறதே விளங்குதில்லையாம். பள்ளிவாசல்ல சேந்து தொழுறவங்களும் கம்பு கேக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். இன்னைக்கு நுனி நூல் பிஞ்சு வந்துருச்சு, அதைக் கட்டித் தரச் சொல்லி என்னைத் தேடி வந்திருக்காரு.

உடுப்புக் கடையில பின்னல் நூலுக்கா பஞ்சம்? சொருகி, குளூ போட்டுட்டு, காயிற வரைக்கும் அசைக்காமப் பிடிச்சுக்கிட்டு இருங்க முதலாளின்னு கையில குடுத்தேன். நோன்போட ஓடைக்குள்ள நின்னு வந்த களைப்பு அவருக்கு. "கதிரை ஒண்டு எடுங்க"ன்னாரு. இங்க கதிரை இல்ல முதலாளின்னு ஒரு புள்ள சொல்லுச்சு. ஏன் இல்லன்னு கேட்டாரு. புள்ளைங்க எல்லாம் தரையைப் பாக்குதுங்க. எனக்கு இந்த வாய் இருக்கே, அது சும்மா இருக்குமா? "உடுப்புக் கடையில கதிரை என்னத்துக்குன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னுட்டேன். சொன்ன பிறகு வேலை போச்சுன்னுதான் நினைச்சேன். அவரு கம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. இடது காலுக்கு மாத்தினாரு, வலது காலுக்கு மாத்தினாரு. அலுமாரியில சாஞ்சாரு. யாரும் இருமல. குளூ காஞ்சதும் கம்பை ஒவ்வொரு துண்டா, ரொம்பப் பதமா மடக்கினாரு.

"நாளைக்குக் கண்டிக்கு வா புள்ள, இன்னும் ரெண்டு பெட்டி வருது. மருமகன்ட கவரெல்லாம் வாசலுக்குப் போகட்டும். இந்தப் புள்ளைகளுக்கும் கதிரை அனுப்பச் சொல்றன், எனக்கே நிக்க ஏலாமப் போச்சு."

திரும்பி வந்த நாள்

அன்னைக்கு ரெண்டு பஸ்ஸிலயும் நின்னுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனேன், காலு வலிச்சதே தெரியல. சந்தோசத்துல அழுதேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? அடுத்த நாள் கண்டிக் கடையில மருமகன் வாசல்ல கவர் விரிச்சிருக்காரு, உள் மூலையை விட அங்க நல்லா ஓடுதாம், எனக்கே ஒரு கவர் சும்மா குடுத்தாரு. அக்குறணைக்குக் கதிரை ஏத்தின வேன் நம்ம கடை வாசல்லருந்துதான் கிளம்புச்சு. நான் உள்ள போனதும் கம்பைப் பத்தி விசாரிக்க ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. வழக்கம் போல நின்னுக்கிட்டுத்தான். நான் அவசரமா ஓடப் போனேன், ரிஸ்வானா கையைப் பிடிச்சு நிறுத்தினா.

"முதல்ல உக்காருங்க அக்கா, யாவாரம் எங்கயும் ஓடிப் போகாது."

இத்தனை நாள் தூண்டில் கம்பு வித்ததுல நான் பிடிச்ச பெரிய மீனுக்கு நாலு காலு, ரெண்டு கை, முதுகுப் பக்கம் ஒரு கீறல்.